உபயம்

அரசாங்கத்தின் மனநல இணையதளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் கருவியை ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. தளத்தைப் பராமரிக்கும் நெல்லையப்பன்தான் அதை வாங்கிச் சேர்த்தான். "காசு வாங்காம எதுக்குய்யா குடுக்கான்?" என்று கேட்டார் மேலதிகாரி. "கோயில் டியூப்லைட் மாதிரிதான் சார், உபயம்னு நெனச்சுக்கிடுங்க." யார் எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்பதும் அந்தக் கம்பெனிக்குப் போகும் என்று அவன் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லையப்பன் தோசைத் தட்டோடு உட்கார்ந்து, வீட்டு டிவியில் நெட்டிலிருந்து பாட்டுப் போட்டான். பாட்டுக்கு முன்னால் ஒரு விளம்பரம்: 'வாழவே பிடிக்கவில்லையா? எங்கள் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.' அடுத்த பாட்டுக்கும் அதுவே வந்தது. தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கென்று அவனுடைய தளத்தில் ஒரு பக்கம் உண்டு. அதைப் படித்தவர்கள் வீட்டுக்குத்தான் அந்தக் கம்பெனி இந்த விளம்பரத்தை அனுப்பும். அவன் அந்தப் பக்கத்தை வீட்டில் திறந்ததே இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அடுக்களையிலிருந்து அவன் மனைவி வடிவு எட்டிப் பார்த்தாள். சிரித்த முகம்தான், எப்போதும் போல. "இன்னும் ரெண்டு போடட்டா?" அவன் டிவியை அணைத்தான். "நீ வந்து இங்க உக்காரு வடிவு." "கல்லு காயுதுல்லா," என்று உள்ளே போய்விட்டாள்.