ஏழாம் எண் மோட்டாரின் காய்ச்சல்

பதினொன்றே முக்கால் மணிக்கு, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் இன்ஜினியர் ஏழாம் எண் மோட்டாருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ஒளிந்திருந்தான்.

திருடனைப் பிடிக்க அல்ல. காய்ச்சலைப் பிடிக்க.

எந்த இயந்திரம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லும் செயற்கை நுண்ணறிவை அங்கே கொண்டுவந்து பொருத்தியவன் அவன்தான். ஒவ்வொரு மோட்டாரின் சூட்டையும் அதிர்வையும் அது ஓயாமல் கவனிக்கும். தொழிலாளர்கள் அதற்கு ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மற்ற மோட்டார்களுக்கு ஜோசியர் சொன்னதெல்லாம் பலித்தது. ஏழாம் எண்ணில்தான் மானம் போயிற்று. மூன்று வாரமாக, தினமும் பதினொன்றே முக்காலுக்கு மேல், 'சூடு ஏறுகிறது, இரண்டு நாளில் பழுதாகும்' என்பார். பன்னிரண்டரைக்கு, 'குணமாகிவிட்டது' என்பார்.

பேரிங்கை இரண்டு முறை மாற்றியாயிற்று. பலன் இல்லை.

இன்று காலை மேனேஜர் கெடு வைத்துவிட்டார். "மத்தியானத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா உன் ஜோசியரை மூட்டை கட்டு. கூடவே நீயும் கிளம்பு."

ஆகவே இந்தக் குத்துக்கால்.

செருப்புச் சத்தம் கேட்டது. ஆபீசைப் பெருக்கித் துடைக்கும் அக்கா வந்தார். இருபுறமும் பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, மோட்டாரின் முதுகில், குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல வைத்தார். காற்றுப் போகும் வழி அப்படியே அடைபட்டது.

"அக்கா" என்று எழுந்தான்.

அவர் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டார். இன்னொரு கை டப்பாவை விடவில்லை.

"மேனேஜர் சாப்பாடு தம்பி. அவரு மருமகப் பொண்ணு காலைல அஞ்சு மணிக்குக் கட்டி வச்சுட்டு வேலைக்கு ஓடுது. ஆறிப்போச்சுன்னா இவரு போன்லயே அதைத் திட்டித் தீர்ப்பாரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நம்மளை. அட்டை மலையா கிடக்கிற இடத்துல அடுப்பு பத்த வைக்க முடியுமா? மோட்டார் கெட்டா வேற வாங்கலாம். மனுஷன் தினமும் கெட்டுப்போனா என்ன பண்றது?"

யோசித்துப் பார்த்தான். மூன்று வாரமாக, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மேனேஜரின் குரல் உயர்ந்ததே இல்லை.

பன்னிரண்டரைக்கு அவன் அறைக்குப் போய் நின்றபோது மேனேஜர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஆவி அவர் கண்ணாடியை மறைத்தது.

"காரணம் கிடைச்சுது சார். யாரோ மோட்டார் மேல டப்பா வச்சிருக்காங்க. காத்து அடைச்சுக்கிச்சு. இனிமே அடைக்காது."

மேனேஜர் முதல் கவளத்தை ஊதி ஊதி வாயில் போட்டார். யார் வைத்தது என்று கேட்பார் என அவன் பயந்தான். அவர் கேட்கவில்லை. நிதானமாக மென்று விழுங்கினார்.

"என் மருமகளைப் பாருப்பா. விடிகாலைல கட்டினது, இன்னும் ஆவி பறக்குது. கைராசி."

சிரிப்பை அடக்க இன்ஜினியருக்குக் கடவுளின் துணை வேண்டியிருந்தது.

அன்றே, மோட்டாருக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு தகரத் தட்டு பொருத்தினான். பதினொன்றே முக்காலுக்குக் கொஞ்சம் சூடு ஏறுவதுதான் இந்த மோட்டாருக்கு ஆரோக்கியம் என்று ஜோசியருக்கும் கற்றுக்கொடுத்தான்.

பன்னிரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று.

பதின்மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு அவனுடைய போன் அலறியது. 'ஏழாம் எண்: வழக்கமான சூடு இல்லை. கோளாறு வரலாம்.'

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று அக்கா லீவு.

கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினான். வழக்கமாக வைக்கும் அலமாரியில் டப்பா இல்லை. போச்சு, ஆறின சோற்றைத் திறந்துவிட்டார் என்று மேனேஜர் அறையை எட்டிப் பார்த்தான். நாற்காலி காலி.

டப்பாவைத் தேடி மூச்சிரைக்க மோட்டார் அறைக்கு வந்தவன், வாசலிலேயே தூண் மறைவில் ஒதுங்கிக்கொண்டான்.

உள்ளே மேனேஜர் இருபுறமும் பார்த்தார். கோப்புக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துத் தகரத் தட்டில் மெதுவாக வைத்தார். ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியோடு நடந்தார்.

சிறிது நேரத்தில் போன் மறுபடி ஒலித்தது.

'குணமாகிவிட்டது' என்றார் ஜோசியர்.