கோல்கீப்பருக்கு எதற்கு இயற்பியல்?

"கை தவறி எழுதிட்டியா?"

பள்ளி ஆலோசகர் திருமதி டால்பெர்க் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஆண்டர்ஸ், பள்ளி ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். வருகிற பன்னிரண்டாம் வகுப்புக்கு என்னென்ன பாடம் எடுப்பது என்று சொல்ல வந்திருந்தான். சமையல், உலோக வேலை, உடற்பயிற்சி எல்லாம் சரி. நடுவில் ஏ.பி. ஃபிசிக்ஸ். கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே நடத்துகிற வகுப்பு அது. கெட்டிக்காரப் பிள்ளைகளே பயப்படுவார்கள்.

"சரியாத்தான் எழுதியிருக்கேன் மிஸ்."

"கணக்குல தட்டுத் தடுமாறி சி வாங்கின பையன் நீ. உனக்கு எதுக்குப்பா இது?"

"கஷ்டமான பாடம் எடுத்தா காலேஜ்ல மதிப்பாங்கன்னு நீங்கதானே மேடையில சொன்னீங்க."

"முடியறவங்களுக்குச் சொன்னேன். நீ சேரப் போறது வெல்டிங் படிப்புல. பேரைச் சொன்னாலே இடம் கொடுத்துடுவாங்க."

"இருக்கட்டும் மிஸ். ஒரு ஆசைதான்."

டால்பெர்க் பெருமூச்சு விட்டபடி கணினியில் ஏற்றினார்.

சின்ன ஊர். ஏரியில் பனி உருகுவதற்குள் சேதி பரவிவிட்டது. முதலில் ஓடி வந்தவர் ஹாக்கி பயிற்சியாளர் ரைனர்ட்.

"ஒரு பாடத்துல பெயிலானாலும் பையனை ஆட விட மாட்டாங்க, தெரியுமில்ல? அடுத்த வருஷம் மாநிலப் போட்டிக்குப் போறோம்னு ஊரே நம்பிட்டிருக்கு. கோல் வாசல்ல யாரை நிறுத்தறது, உங்களையா?"

"நான் நின்னா பாதி வாசல் அடைஞ்சிடும். கவலைப்படாதீங்க" என்றார் டால்பெர்க்.

அடுத்து ஆண்டர்ஸின் அம்மா வந்தாள். அவள் கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எல்லாம் அந்தப் பொண்ணு ஐலாவுக்காகத்தான் மிஸ். அவ அந்த கிளாஸ்ல சேர்றா இல்ல?"

ஐலாதான் வகுப்பில் முதல். விமானம் வடிவமைக்கிற படிப்புக்குப் போகப்போகிறவள். போன இலையுதிர் காலத்தில், பள்ளி நடனத்துக்கு வருகிறாயா என்று ஆண்டர்ஸ் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டான். அவள் "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

"அவதான் அப்பவே வேண்டாம்னுட்டாளே?"

"இவனோட அப்பாவும் இப்படித்தான். நான் மூணு தடவை வேண்டாம்னேன். போனாரா?"

அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆண்டர்ஸ் பெட்ரோல் போட நின்றால் கடைக்காரர் விடமாட்டார். "என்னப்பா, ஈர்ப்பு விசை வேலை செய்யுதா? திரும்பிப் பார்த்தாளா?"

"இன்னும் அந்தப் பாடம் வரல அண்ணே" என்று அவனும் சிரித்துவிட்டுப் போவான்.

டால்பெர்க்குக்கும் மனசுக்குள் எரிச்சல்தான். வேண்டாம் என்று சொன்னவள் பின்னால் போகிறானே, இந்தப் பிள்ளைக்கு ரோஷம் என்பதே கிடையாதா?

செப்டம்பரில் பள்ளி திறந்தது. ஆண்டர்ஸ் ஃபிசிக்ஸ் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். முதல் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று. பயிற்சியாளர் ரைனர்ட் சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

எடுத்த பாடத்தை விடுவதற்குக் கடைசி நாள் வந்தது. ஆண்டர்ஸ் வந்து ஆலோசகரின் கதவைத் தட்டினான்.

"மிஸ், ஃபிசிக்ஸை விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

டால்பெர்க்குக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்பவாவது புத்தி வந்துச்சே. பதினோரு மார்க்கும் வாங்கியாச்சு. அவளும் திரும்பிப் பார்க்கல, அதானே?"

"பார்க்கல மிஸ். பேரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நான் போயிட்டா அந்த வகுப்பை மூடிடுவாங்களா?"

"எதுக்கு மூடறாங்க? வாத்தியாரைப் போட்டாச்சு, புத்தகம் வாங்கியாச்சு. பத்துப் பேர் சேர்ந்தாத்தான் வகுப்புன்னு தலையை எண்ணறதெல்லாம் ஆரம்பத்துலதான். போன வருஷம்கூட ஒரு ஆள் குறைஞ்சதாலதான் வகுப்பே..."

அவர் ஆண்டர்ஸை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தாவது ஆள் நான்தான் மிஸ்" என்றான் ஆண்டர்ஸ். "ஒன்பது பேர்தான் தேறுதுன்னு ஐலா விரல் விட்டு எண்ணிட்டு அழுதுட்டிருந்தா. ஃபிசிக்ஸ் இல்லாம அந்தப் படிப்புக்கு அவளை எடுக்க மாட்டாங்களாம். போன வருஷம் கணக்குல என்னைக் கரை சேர்த்ததே அவதான்."

இந்தப் பையனையா ரோஷம் இல்லாதவன் என்று நினைத்தோம் என்று டால்பெர்க்குக்கு வெட்கமாக இருந்தது.

"நிச்சயமா மூட மாட்டாங்களா? மூடுவாங்கன்னா சொல்லிடுங்க மிஸ். கடைசி வரைக்கும் உட்கார்ந்துடறேன். ஹாக்கி போனாப் போகுது."

"மூட மாட்டாங்கப்பா. நான் பொறுப்பு." "ஐலாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

ஆண்டர்ஸ் பதறி எழுந்துவிட்டான்.

"வேண்டாம் மிஸ். சொன்னா, அவ பின்னால சுத்தறேன்னு ஊர் பேசினது நிஜமாயிடும்."