மிச்சம் பதினொன்று

பழைய பள்ளிச் சாமான்களைச் சேகரிக்க, சக்கரம் வைத்த கண்ணாடி அலமாரி ஒன்றைச் செய்திருந்தார் கைத்தொழில் ஆசிரியர் தேவசகாயம். பொருளைப் போட்டால், அதில் ஒட்டிய பெயரைப் படித்து, பள்ளியிலுள்ள பழைய போட்டோவை வைத்து அந்தப் பிள்ளையின் இன்றைய முகத்தைத் தானே திரையில் வரைந்து காட்டி நன்றி சொல்லும்.

மரகதவல்லி ஒரு ஜாமெட்ரி பாக்ஸைப் போட்டாள். திரையில் அரும்பு மீசையோடு இளம்பரிதி சிரித்தான். மூன்று வருஷத்துக்கு முன், ஆறாம் வகுப்பில், காய்ச்சலில் போன மகன்.

தேவசகாயத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மன்னிச்சிடுங்கம்மா, இப்படி ஆகும்னு நான் நினைக்கவேயில்ல. இப்பவே சரி பண்ணிடறேன்."

"வேணாம் சார், அப்படியே இருக்கட்டும்." பையை இறுக்கி மூடினாள். "இதுல இன்னும் பதினோரு சாமான் இருக்கு. வருஷத்துக்கு ஒண்ணா போட்டா, அவன் கல்யாண வயசு வரைக்கும் பாத்துடுவேன்."