மேஸ்திரி சொன்ன வார்த்தை

"ஒரு வார்த்தை பேசினதுக்காக ஒரு ஆளை ஜெயில்ல போடணும்னு சொல்றியா?"

சப்-இன்ஸ்பெக்டர் ராஜாங்கம் கேட்டார். விருத்தாசலத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. யாரையும் இன்னும் சரியாகத் தெரியாது.

"ஆமாங்க ஐயா" என்றாள் கமலம்.

ஊர்க்கோடியில் ஒரு பீங்கான் கம்பெனியில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிறவள். சேலையில் வெள்ளைக் களிமண் இன்னும் காயவில்லை. அவளுக்குப் பின்னால் கதவோரமாக ஆராயி நின்றிருந்தாள். அதே கம்பெனியில் மண் சுமப்பவள்.

"என்ன நடந்துச்சு? விவரமாச் சொல்லு."

"இவ்வளவு நாளும் ஆராயி மண்ணுதாங்க சுமந்துச்சு. ஒட்டுற ஆளு ஒண்ணு நின்னுபோச்சுன்னு முதலாளிதான் இன்னிக்கு இதை பெஞ்சில உக்காரச் சொன்னாரு. என் பக்கத்துலதான் உக்காந்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மேஸ்திரி வந்தாரு. சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'உன் கை பட்ட கப்புல எவன் டீ குடிப்பான், எந்திரி'ன்னாரு. எல்லாரு முன்னாடியும்."

"இவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலைங்க. எந்திரிச்சுப் போயி மண்ணுக் கூடையைத் தூக்கிக்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

ராஜாங்கம் ஆராயியைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கவில்லை.

"பேச்சு வாங்கினவளே சும்மா நிக்கிறா. உனக்கென்ன? நீயும் இவ ஆளா?"

"இல்லைங்க. மேஸ்திரி சாதிதாங்க நானும்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், "ஏதோ பழைய பகை இருக்கும் சார்" என்றார் மெதுவாக.

ராஜாங்கத்துக்கும் அப்படித்தான் பட்டது. குரலைத் தணித்துக் கேட்டார். "உன்கிட்ட ஏதாவது முறைகேடா நடந்துகிட்டானா? பயப்படாம சொல்லு."

"அய்யோ, அதெல்லாம் இல்லைங்க" என்று பதறினாள் கமலம். "நல்ல மனுசங்க. சூளையில யாருக்காச்சும் சூடு பட்டுதுன்னா முதல்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது அவருதான். குடி கிடையாது. இந்த ஒரு விசயத்துலதாங்க அவருக்குக் கண்ணு தெரியாது."

"நல்ல மனுசன்கிற. அவன் மேலயே கேஸும் குடுக்கற."

"நல்லவரு சொன்னா அந்த வார்த்தை சுடாதுங்களா?"

ராஜாங்கம் பேனாவை மேசையில் வைத்தார்.

"இங்க பாரும்மா. போன வருசம் தீண்டாமைச் சட்டத்தை இறுக்கிட்டாங்க. முன்ன மாதிரி மன்னிப்புக் கேட்டு ராசியாப் போயிட முடியாது. நிரூபணம் ஆச்சுன்னா ஒரு மாசமாவது உள்ள இருக்கணும். வேலையும் போயிடும். நான் வேணா அவனைக் கூப்பிட்டு நல்லா மிரட்டி அனுப்பறேன். அதோட விட்டுடலாம்."

"உங்க முன்னாடி தலையை ஆட்டுவாருங்க. நாளைக்கு மறுபடியும் சொல்லுவாரு. நான் சொல்லாத நாளு இல்ல. சிரிச்சுட்டுப் போயிடுவாரு. எல்லாரும் பேசறதுதானேம்பாரு."

"அவன் சொல்றதும் ஒரு நியாயந்தானே. வாயைச் சட்டம் போட்டுக் கட்ட முடியுமா?"

கமலம் கொஞ்சம் யோசித்தாள்.

"அவருக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்குதுங்க. சின்னது. இப்பத்தான் ஸ்கூலுக்குப் போவுது. முந்தாநாளு விளையாடறப்ப, கூட வந்த புள்ளையை அதே வார்த்தை சொல்லி, 'தள்ளிப் போ, என்னைத் தொடாதே'ங்குது. அதுக்கு அர்த்தம்கூடத் தெரியாதுங்க. அவரு வாயைக் கட்டலைன்னா இந்த வாயையும் கட்ட முடியாதுங்க ஐயா."



ராஜாங்கம் ஆராயி பக்கம் திரும்பினார். "உனக்கு இதுல சம்மதமா? இல்ல, இவ இழுத்த இழுப்புக்கு வந்திருக்கியா?"

"வழி பூரா வேணாம்னுதாங்க சொல்லிட்டு வந்தேன். அக்காவுக்குத்தான் கஷ்டம். கேக்கல. கையைப் பிடிச்சு இட்டாந்துட்டாங்க." ஆராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வார்த்தையைக் கேட்டுட்டு வூட்டுக்குப் போயி சோறு இறங்காம எத்தனையோ நாளு படுத்திருக்கேங்க. அது தப்புன்னு அவங்க பக்கத்து ஆளே சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். கோர்ட்டுல கேட்டா நடந்ததைச் சொல்லுவேங்க. சம்மதந்தான்."

"அப்புறம் ஊரே உங்களைத்தான் பேசும். தெருவுல நடக்க முடியாது."

"பேசட்டுங்க" என்றாள் கமலம்.

ராஜாங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருட சர்வீஸில், வாங்கின அடிக்காக வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். பறிகொடுத்த நகைக்காக வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். அடுத்தவளுக்கு விழுந்த ஒரு வார்த்தைக்காக, சொந்தச் சாதிக்காரன் மேல் புகார் கொடுக்க வந்தவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"ரெண்டு பேரும் அந்த பெஞ்சில உக்காருங்க" என்றார். பேனாவை எடுத்துக்கொண்டார். "மேஸ்திரி பேரு என்ன?"

கமலம் வாயைத் திறக்கவில்லை. ஆராயியின் கையைத் தொட்டு, "நீ சொல்லு" என்றாள்.

"வேணாம்க்கா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எந்திரிச்சுப் போயிடலாம்" என்றாள் ஆராயி.

"நீ சொல்லு ஆராயி."

ராஜாங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "கேஸ் குடுக்க வந்தது நீ. பேரைச் சொல்லவே இப்படிப் பயந்தா, நாளைக்குக் கோர்ட்டுல அவன் எதிர்ல நின்னு என்னத்தைச் சொல்லப் போற?"

"பயமில்லைங்க ஐயா" என்றாள் கமலம். "புருசன் பேரை வாயால சொல்லிப் பழக்கமில்லைங்க."