தாய்வழி

"உங்க தாய்வழியில ஊசி போட்டுக் காது போனவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

கோவிந்தம்மாள் கண் கொட்டாமல் அப்துல் சுபானைப் பார்த்தாள். "இல்லீங்க சார். தையில பொண்ணுக்குக் கண்ணாலம். அப்படி ஒரு பேச்சே வரக் கூடாதுங்க."

மகள் செல்லம்மாளுக்குக் காசநோய். எடை பார்க்க உள்ளே போயிருந்தாள். ஏரியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து இருவரும் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள்.

காசநோய்ப் பிரிவில் சுபானுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரே ஊசிதான். பத்துப் பேரைப் பிழைக்க வைக்கிறது, ஒருவரைச் செவிடாக்குகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று அவருக்கு மண்டை குடைந்தது. காது போனவர்களின் சொந்தபந்தங்களை எல்லாம் விசாரித்து எழுதிச் சென்னைக்கு அனுப்பினார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, இந்த எண்பத்தேழில்தான் பதில் வந்தது. கோளாறு மருந்தில் மட்டும் இல்லை. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. அன்றிலிருந்து புது நோயாளி யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்.

பதிவேட்டில் குனிந்து எழுதிக்கொண்டே சொன்னார்: "இருந்தா மறைக்காதீங்க. வெறும் மாத்திரையிலயே குணப்படுத்திரலாம். மறைச்சு ஊசி போட்டா பொண்ணுக்கும் காது போயிரும். போனா போனதுதான்." நிமிர்ந்தார். "என்னம்மா, ஊசி போடலாமா?"

"போடுங்க சார். எம்பொண்ணு பொழைச்சாப் போதும்."

போட்டார்கள். ஆறே வாரத்தில் செல்லம்மாளின் இருமல் நின்றது. காதும் போனது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சுபான் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தார். இத்தனை வருஷம் தேடிக் கண்டுபிடித்தும் ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லையே! வராந்தா பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாளைப் பார்த்ததும் கத்தினார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! உங்க வம்சத்துல யாருக்கோ இருந்திருக்கு. கல்யாணம் நின்னுரும்னு, பெத்த பொண்ணையே செவிடாக்கிட்டீங்களே!"

அவள் அசையவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடித்தார்.

எதிரே நின்ற செல்லம்மாள் அவர் வாய் அசைவதைப் பார்த்து ஓடி வந்தாள்.

"சார், அம்மா முன்னாடி வந்து பேசுங்க. நான் கைக்கொழந்தையா இருக்கறப்பவே இதே ஊசி போட்டு அம்மாவுக்குக் காது போயிருச்சுங்க. பேசறவங்க வாயப் பாத்தாத்தான் புரியும், குனிஞ்சுக்கிட்டுப் பேசினா தெரியாது" என்றாள். "இனிமே எங்கிட்டயும் அப்படித்தான் பேசணுங்க."