பத்து நிமிட மிதவை

“இவளுக்குத் தண்ணின்னா பயம் சார்.” என்னைக் கேட்காமலே ஸ்கூபா முக்குளிப்புப் பள்ளிக்காரரிடம் சொன்னார் என் கணவர் ஜெரோம். நான் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவரின் மகள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக என்னைக் கடலில் இறங்கவிடாதவர் இவர். அதற்குப் பெயர் என் பயமாம். சுற்றுலாவாக இந்தத் தீவுக்கு வந்த முதல் நாளே தனக்கு நான்கு நாள் சான்றிதழ் பயிற்சி, எனக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் அரைமணி நேரம் என்று இரண்டு படிவத்தையும் அவரே நிரப்பிவிட்டார். என்னுடையதை வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

“எனக்கும் நாலு நாள்தான்.”

பள்ளிக்காரர் எனக்கும் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். பயிற்சியில் சேர, எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் மிதக்க வேண்டும் என்று எங்களைப் படகிலிருந்து கடலில் இறக்கினார். இரண்டாவது நிமிடமே ஜெரோம் படகின் ஏணியைக் கட்டிக்கொண்டார். அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினார். நான் மல்லாந்து கிடந்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்ததால் அவர் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வாயை இப்படிப் பார்த்ததில்லை.

பத்து நிமிடம் முடிந்தது, ஏறலாம் என்று பள்ளிக்காரர் சைகை காட்டினார். நான் ஏணிப் பக்கம் திரும்பாமல் இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்தேன்.