ஓட்டை போட்ட கால் ரூபாய்

காசை மேசைமேல் வைத்த பிறகும் அவள் விரல் அதை விடவில்லை.

"குடுங்கம்மா, பாக்கறேன்" என்றார் கடைக்காரர்.

ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். பழைய நாணயக் கண்காட்சி. சாப்பாட்டு நேரம் என்பதால் கூட்டமில்லை.

வெள்ளிக் கால் ரூபாய். ராஜாவின் கிரீடத்துக்கு மேலே சின்னதாக ஓர் ஓட்டை.

கணவர் போய் நாலு மாதம். நேற்று பீரோவை ஒழித்தபோது, அவருடைய வேட்டிகளுக்கு அடியில், பஞ்சில் சுற்றி இருந்தது.

முப்பத்திரண்டு வருடமாக அவள் அதைப் பார்க்கவில்லை. குழந்தையைப் புதைத்தபோது இடுப்போடு போய்விட்டது என்றே நினைத்திருந்தாள்.

எடுத்து வைத்திருக்கிறார்.

சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு குழந்தையைப் பற்றிய பேச்சே எழவில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

காலையில் பேப்பரில் விளம்பரத்தைப் பார்த்ததும் பஸ் ஏறிவிட்டாள். விற்க அல்ல. யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது.

கடைக்காரர் லென்ஸை இறக்கினார்.

"நல்ல காசுங்க. ஓட்டை மட்டும் இல்லீன்னா மூவாயிரத்துக்குக் கொறையாமப் போகும். இப்ப வெறும் வெள்ளி வெலைதான். யாரு போட்டதுங்க?"

"ஆசாரிகிட்டக் குடுத்துப் போட்டோம். பொண்ணுக்கு அரைஞாண்ல கோக்கறதுக்கு."

பொண்ணுக்கு.

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள்.

அவர் சிரித்தார். "அப்ப விக்காதீங்க. பொண்ணு இப்ப எங்கிருக்குதுங்க?"

அவள் மேசை விரிப்பைப் பார்த்தாள்.

"கோயமுத்தூர்லங்க."

"கட்டிக் குடுத்தாச்சா?"

"ஆச்சுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள்.

பொண்ணு வேலைக்குப் போவதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவதைச் சொன்னாள். அப்பாவைப் போலவே பிடிவாதம் என்றாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

கேட்டுக்கொண்டே அவர் காசைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டார். மேலே ஒட்ட ஒரு சீட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"பொண்ணு பேரையே எழுதிடறேன். பேரென்னங்க?"

இதை மட்டும் அவள் யோசிக்காமல் சொன்னாள்.

"பூங்கொடி."